கழுத்தில் ஓர் அங்குலம்

தையல் மிஷினை ஜன்னலோரத்திலிருந்து கிளப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு என்றால் முடிவு. இந்த வீட்டில் நான் எடுத்த முடிவு எதுவும் இதுவரை நடந்ததில்லை. அது வேறு விஷயம்.

ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் ஜன்னல். மற்றதெல்லாம் சுவரில் ஓட்டை. நேர் எதிரே பஸ் நிறுத்தம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் நாற்காலி அங்கேதான். காலையில் உட்கார்ந்தால் போதும். ஒருவன் ஓடி வருவான். கையை ஆட்டுவான். கத்துவான். பஸ் கிளம்பிவிடும். அவன் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, என்னவோ நடக்கத்தான் வந்தவன் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வயதில் அதைத் தின்னாதே, இதைக் குடிக்காதே என்று ஆளுக்கொரு தடை. பஸ்ஸை விட்டவனைப் பார்க்காதே என்று மட்டும் எந்த டாக்டரும் சொன்னதில்லை.

அந்த இடத்தில் இப்போது மிஷின். எனக்குப் பின்னறை. அங்கே எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவர் எந்தப் பஸ்ஸுக்கும் ஓடாது.

எல்லாம் ஒரு போட்டோ செய்த வேலை.

பேத்தி ஒருத்தி இருக்கிறாள். மகளின் மகள். ஐந்து வயசு. கடுகு என்று கூப்பிடுவோம். ஆள் துளி, காரம் தூக்கல். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் கடுகு இங்கே வந்து இறங்கிவிடும். ஒரு நாள் அலமாரியைக் குடைந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவோடு என் முன்னால் வந்து நின்றது. போட்டோவில் ஒரு சின்னப் பெண். உப்பின கை, வட்டக் காலர், இடுப்பில் அகலப் பட்டி, ஓரமெல்லாம் லேஸ். போட்டோக்காரனையே ஓட ஓட விரட்டியிருக்கக்கூடிய ஒரு முறைப்பு.

"இது யாரு தாத்தா?"

"உன் பாட்டி. அப்பவே அப்படித்தான் முறைப்பா."

"எனக்கும் இதே கவுன் வேணும்."

"கடையில வாங்கிக்கலாம்."

"கடையில இருக்கறது மின்னுது. குத்துது. எனக்கு இதுதான் வேணும்."

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி வந்தாள். போட்டோவைப் பார்த்தாள். கடுகைப் பார்த்தாள். கண்ணில் லேசாகத் தண்ணீர். அந்தத் தண்ணீர் வந்தால் என்னிடமிருந்து ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"என்னங்க, பரண்ல என் மிஷின் இருக்குல்ல, இறக்குங்க."

"எதுக்கு? அதுக்கு வயசாயிடுச்சு."

"உங்களுக்கும்தான் ஆச்சு. உங்களைத் தூக்கிப் பரண்லயா போட்டேன்?"

இறக்கினேன். துடைத்தாள். எண்ணெய் விட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் நாற்காலி பின்னறைக்குக் குடிபோயிருந்தது.

"என் இடம் எங்கே?"

"ஊசியில நூல் கோக்க வெளிச்சம் வேணும். நீங்க வெளிச்சத்துல உட்கார்ந்து எதைக் கோக்கறீங்க?"

பதில் இருந்தால் நான் ஏன் பின்னறையில் இருக்கிறேன்?

ஜன்னல் போனதோடு நின்றதா? செய்தித்தாளும் போயிற்று. துணியில் கத்திரி வைக்கும் முன் பேப்பரில் வெட்டிப் பார்க்க வேண்டுமாம். பேப்பர் கட்டிங் என்று பெயர். பழைய பேப்பரில் வெட்டலாம். மாட்டாள். பழையது மடிப்பு விழுந்திருக்குமாம். அன்றன்றைக்கு வந்ததைத்தான் வெட்டுவாள். நான் பிரிக்கும்போது நடுவில் ஒரு கை அளவுக்கு ஓட்டை இருக்கும். ஏதோ ஒரு நாட்டில் புரட்சி தொடங்கியது வரைக்கும் படித்தேன். ஜெயித்ததா என்று தெரியவில்லை. மீதி காலரில் போய்விட்டது.

ஒரு நாள் கத்திரியும் கையுமாக வந்து நின்றாள்.

"என்னங்க, நீங்க படம் வரைஞ்சவர்தானே? கை வந்து சேர்ற இந்தக் கைக்குழியைக் கொஞ்சம் வளைச்சுக் குடுங்களேன்."

நான் பட்டறையில் எந்திரங்களுக்குப் படம் வரைந்தவன். என் கோட்டைப் பார்த்துத்தான் இரும்பை அறுப்பார்கள். நூலிழை பிசகினால் சக்கரம் சுற்றாது. என்னைப் போய்க் கைக்குழி வளைக்கச் சொல்கிறாள்.

"இது இரும்புக்கு வரைஞ்ச கை. சீட்டித் துணிக்கெல்லாம் வளையாது."

"சரி," என்றாள். அவ்வளவுதான். ஒரே சொல். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

முதல் கவுன் வந்தது. ஒரு கை பூசணிக்காய். இன்னொரு கை எலுமிச்சம்பழம். கடுகு கையைத் தூக்கினால் கவுன் மொத்தமும் கூடவே தூக்கிக்கொண்டது. காலர் கழுத்தில் நிற்காமல் தோளில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டாவது கவுனும் அதே கதை. பூசணி மட்டும் பக்கம் மாறியிருந்தது. முதல் கவுன் மிஷினுக்கு உறையாயிற்று. இரண்டாவது என் தலையணைக்கு. இப்போது என் தலையணை வட்டக் காலர் போட்டுக்கொண்டு தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. லேஸ் காதில் குத்துகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர். நான் இப்போது நாள் முழுக்கப் பார்க்கிற சுவர் அவருடையதுதான். நோயாளி இல்லாத நேரத்தில் வாசலில் நிற்பார். அதாவது எப்போதும் நிற்பார். அவரிடம் சொன்னேன்.

"ஆடுதா சார்?" என்றார்.

"எது?"

"மிஷின் அங்க வந்து உட்கார்ந்திருக்குன்னீங்களே. ஆட்டிப் பார்த்தீங்களா? லேசா சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொன்னேன். என்னைத்தான் ஆட்டிவிட்டா."

"அப்ப வேர் ஆழமா இருக்கு. மேல பிடிச்சு இழுத்தா உடைஞ்சு உள்ளேயே நிக்கும். பெரிய வம்பு. வேர்ல கை வைக்கணும் சார். வலி தெரியாம புடுங்கணும்."

"உங்க வீட்ல ஏதாவது புடுங்கியிருக்கீங்களா டாக்டர்?"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. "வர்றேம்மா!" என்று ஓடிவிட்டார்.

ஆனால் யோசனை நல்ல யோசனை. வேர் எது?

அதுவும் தானாகவே காதில் வந்து விழுந்தது. வீட்டுக்காரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகளிடம் பேசும்போது வழக்கமாய்க் குசுகுசுவென்றுதான் பேசுவாள். பாதிப் பேச்சு என்னைப் பற்றி. அன்றைக்கு நல்ல கணீர்க் குரல்.

"ஞாயித்துக்கிழமை ஸ்டூடியோவுல நேரம் வாங்கிட்டியா? சரி. அதே மாதிரி நிக்க வெச்சு அதே மாதிரி எடுத்துடலாம். இந்த மூணாவதும் சரியா வரலேன்னு வெச்சுக்கோ, மிஷினை யாருக்காவது தூக்கிக் குடுத்துடறேன். ஆமா. சத்தியமா. அப்பாவுக்கும் அவர் ஜன்னல் கிடைச்ச மாதிரி இருக்கும், பாவம்."

பாவம் என்றாள். என்னை! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பின்னறையில் உட்கார்ந்தபடியே ஒரு பஸ்ஸை யாரோ தவறவிட்ட மாதிரி எனக்கு இனித்தது.

வேர் புரிந்துவிட்டது. பேப்பர் கட்டிங். அதில் ஒரு சின்னப் பிசகு. மூன்றாவது கவுன் அம்பேல். மிஷின் வெளியே. நான் உள்ளே.

மறுநாளே வாய்ப்பும் வந்தது.

"லேஸ் வாங்கிட்டு வரேங்க. நேரமாகும். வெள்ளையில பத்து தினுசு இருக்கும், பார்த்துத்தான் எடுக்கணும்."

"மெதுவா வா. மழை வந்தா நின்னு வா."

"வெயில் கொளுத்துது."

"வெயில்னாலும் நின்னு வா."

செருப்புச் சத்தம் தேயும் வரை பொறுத்தேன். முன்னறைக்குப் போனேன். மேசை மேல் எல்லாம் தயாராய் இருந்தது. முன்பாதி, பின்பாதி, கை, காலர், எல்லாம் பேப்பரில். பென்சில் ஒன்று சீவி வைத்திருந்தது. எங்கள் வீட்டில் பென்சில் சீவி இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் என் பழைய எஃகு ஸ்கேல். அது பெட்டிக்கடியில் அல்லவா கிடந்தது? கிடக்கட்டும், எனக்கு வேலை மிச்சம்.

முன்பாதியை எடுத்துப் பார்த்தேன்.

அளவெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தாள். அளவில் குறை எதுவும் என் கண்ணில் படவில்லை. கோடு? ஐயோ. கைக்குழி வளைவு ஒரு பக்கம் போகிறது, அதில் வந்து உட்கார வேண்டிய கை வேறு ஊருக்குப் போகிறது. தோள் இரண்டும் ஒன்றை ஒன்று தெரியாது என்கின்றன. நான் இதில் எதைக் கெடுப்பது? கெட்டதை எப்படிக் கெடுப்பது? ஒன்றைக் கெடுக்க வேண்டுமானால் அது முதலில் சரியாய் இருக்க வேண்டாமா?

ஆகவே முதலில் சரி செய்வது, பிறகு கெடுப்பது என்று தீர்மானித்தேன். வேலை என்றால் ஒழுங்கு வேண்டும்.

அன்றைய பேப்பரை விரித்தேன். இரங்கல் பக்கத்தில்தான் வெள்ளை இடம் அதிகம். அதில் வரைந்தேன். கைக்குழியின் சுற்றளவைத் துணி டேப்பைக் கோட்டின் மேலேயே நிறுத்தி அளந்தேன். அதற்குச் சமமாய்க் கையின் வளைவு. உப்புவதற்கு எவ்வளவு சுருக்கு வேண்டுமோ அதற்குத் தனியாய் இடம். வளைவு அப்படியே பால் மாதிரி இறங்கியது. முடித்த பிறகுதான் பார்த்தேன், என் பழைய மேலதிகாரி கைக்குழிக்குள் செத்துக் கிடக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அந்த ஆள் என் கோட்டுக்குக் குறுக்கேதான் நிற்பார். வெட்டித் தள்ளினேன்.

எல்லாம் முடிந்தது. அழகு. எனக்கே விட மனசில்லை. ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தான். கழுத்து வட்டத்தை மட்டும் ஓர் அங்குலம் குறைத்தேன். கடுகின் தலை இந்தக் கழுத்துக்குள் பிரம்மாவே வந்தாலும் நுழையாது. கவுன் தலையில் தொப்பியாய் நிற்கும். மிஷின் வெளியே போகும்.

பழைய கட்டிங்கைக் கசக்கி எறிந்தேன். புதியதை அதே இடத்தில் அதே மாதிரி வைத்தேன். பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவர்கூட அன்றைக்கு அழகாய்த்தான் இருந்தது.

அவள் வந்தாள். மேசையைப் பார்த்திருப்பாள்.

"லேஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நல்ல லேஸா?"

"என்ன, என்னிக்குமில்லாம விசாரணை?"

அந்த வாரம் முழுக்க மிஷின் கடகடவென்று ஓடியது. நான் முன்னறைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. துணியைப் பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். என் முகம் அப்படி. பட்டறையில் சீட்டு விளையாடவே என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கடுகோடு வந்தாள். கடுகு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கவுன் எங்க? கவுன் எங்க?"

வீட்டுக்காரி கவுனை எடுத்து விரித்துக் காட்டினாள். நான் வாசற்படியில் சாய்ந்து நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான். இளநீலச் சீட்டி, அதில் பொடிப் பொடியாய் வெள்ளைப் புள்ளி. கை இரண்டும் ஒரே அளவில் உப்பி நின்றன. என் வளைவு. என்னை அறியாமல் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அடக்கினேன்.

கடுகு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. இதுவாவது சரியாய் வர வேண்டும் என்று உதடு என்னவோ முணுமுணுத்தது. முந்தின இரண்டு தடவையும் அது அழவில்லை. பரவாயில்லை பாட்டி என்று சொல்லிவிட்டு என் பின்னறையில் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அது இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது. வீட்டுக்காரி கவுனோடு அதன் பக்கம் போகிறாள். அந்தத் தலை பிறந்த அன்றைக்கு என் உள்ளங்கையில் அடங்கிய தலை. இப்போது என் அங்குலத்துக்குள் மாட்டிக்கொண்டு காது நசுங்கப் போகிறது.

"நில்லு!" என்று கத்திவிட்டேன். "போடாதே! தலை போகாது!"

"ஏன் போகாது?" என்றாள் வீட்டுக்காரி.

"கழுத்து ஒரு அங்குலம் குறைச்சல்!"

கடுகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"அப்பா," என்றாள் மகள், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே."

"வாசப்படியில நின்னுக்கிட்டா? கண்ணாடிகூடப் போடாம?"

வீட்டுக்காரி கவுனைத் திருப்பினாள். முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் திறந்து கிடந்தது. ஓரத்தில் வரிசையாய் வெள்ளைப் பித்தான்கள்.

"யாராவது குழந்தைக்கு இதைத் தலை வழியா மாட்டுவாங்களா? அந்தக் காலத்துக் கவுன்லாம் முதுகுலதான் பித்தான். கையை இறக்கு கண்ணு. முன்னால நீட்டு."

போட்டோவில் முதுகு தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் வரையாமல் பட்டறைக்கு ஒரு தாள் அனுப்பாதவன் நான். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் முன்பக்கத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

பித்தான் போட்டாள். காலர் கழுத்தை ஒட்டிச் சுற்றிலும் அசையாமல் உட்கார்ந்தது. கடுகு மெதுவாய்க் கையைத் தூக்கியது. கவுன் தூக்கவில்லை. இன்னும் தூக்கியது. இல்லை. ஒரு சுற்று சுற்றியது. பாவாடை குடையாய் விரிந்தது. பிறகு நின்று எங்களை ஒரு முறை முறைத்தது பாருங்கள், அசல் அந்தப் போட்டோதான்.

"ரெண்டு தடவையும் காலர் ஏன் தோள்ல சரியுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன்," என்றாள் வீட்டுக்காரி. "கழுத்து ஒரு அங்குலம் பெரிசுன்னு எனக்குப் பிடிபடவே இல்லை. நீங்க கெடுத்திருக்கலேன்னா இது வந்தே இருக்காது."

"நான் எங்க கெடுத்தேன்?"

"பென்சிலை யார் சீவி வெச்சாங்கன்னு நினைச்சீங்க? ஸ்கேல் தானா நடந்து வந்துச்சா?"

விழித்தேன்.

"கெடுக்க வருவீங்கன்னு தெரியும். கோணலைப் பார்த்தா உங்க கை சும்மா இருக்காதுன்னும் தெரியும். நேரமாகட்டும்னு டாக்டர் வீட்டுல உட்கார்ந்து பேசிட்டிருந்தேன். நடுவுல ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தேன், ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது, நீங்க வேர்த்து வழிய வரைஞ்சுட்டிருந்தது. கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலாமான்னுகூடத் தோணுச்சு."

"கேட்டிருந்தா வரைஞ்சு குடுத்திருப்பேனே!"

"கேட்டேன். இரும்புக் கைன்னீங்க."

கடைசியாக ஒரு துரும்பு இருந்தது. அதையும் பிடித்துப் பார்த்தேன்.

"சத்தியம் பண்ணியே, போன்ல? சரியா வரலேன்னா மிஷினைக் குடுத்துடறேன்னு?"

மகள் குழப்பமாய்ப் பார்த்தாள். "எந்தப் போன்? எனக்கு அப்படி ஒரு போனே வரலையேப்பா."

வீட்டுக்காரி கவுனின் பட்டியை முடிந்துகொண்டே சொன்னாள்: "அந்தப் பக்கம் ஆள் இல்லாட்டி பேசக் கூடாதா என்ன? உங்ககிட்ட பேசிப் பேசி எனக்குப் பழகிப்போச்சு."

ஸ்டூடியோவுக்குப் போனார்கள். போட்டோ வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு பேரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

மறுநாள் பல் டாக்டர் வாசலில் நின்றார்.

"என்ன சார், வேரோட வந்துச்சா?"

"எனக்குப் பல் செட்டே கட்டிட்டா டாக்டர்."

விஷயம் அதோடு முடியவில்லை. கடுகு அந்தக் கவுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டது. கையைத் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் காட்டியிருக்கிறது. யார் தைத்தது என்று கேட்டதற்கு, பாட்டி தைத்தாள், தாத்தா வரைந்தார் என்று சாட்சி வேறு சொல்லியிருக்கிறது. இப்போது அதன் வகுப்பில் பாதிப் பேருக்கு மின்னாத கவுன் வேண்டுமாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றுக்குத் தோள் இறக்கம், ஒன்றுக்குத் தொப்பை. ஒன்றின் கட்டிங் இன்னொன்றுக்கு ஆகாது.

"வரையறதுக்கு வெளிச்சம் வேணுமே," என்றாள் வீட்டுக்காரி. "பின்னறையில கண்ணு போயிடும் உங்களுக்கு."

அவளே மிஷினை ஒரு பக்கமாய் நகர்த்தினாள். என் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். முன்னால் மேசை. மேசை மேல் எஃகு ஸ்கேல், சீவின பென்சில், நான் இன்னும் படிக்காத இன்றைய பேப்பர்.

ஆக, முடிவு செய்தபடி என் இடம் எனக்குத் திரும்பிவிட்டது. காற்று வருகிறது. வெளிச்சம் வருகிறது. இதோ, எதிரே பஸ் கிளம்புகிற சத்தம். யாரோ கத்திக்கொண்டு ஓடி வருகிறான். அனேகமாய் விட்டுவிடுவான். நான் தலையைத் தூக்குகிறேன்.

"அந்தக் கையை முடிச்சுட்டு வேடிக்கை பாருங்க!"